எட்டு ஏழுக்குப் போய்விட்ட எட்டுப் பத்து வண்டி

எவனோ ஒரு திருடன் இன்றைக்கும் கை வைத்துவிட்டான். பெயர் தெரியாது, முகம் தெரியாது, எந்த ஊர்க்காரன் என்றும் தெரியாது. இருபத்து மூன்று வருஷமாகத் தேடுகிறேன். அவன் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, நீங்கள் உட்காருங்கள் தம்பி. பையை மேலே போடுங்கள். ஜன்னல் பக்கம் என்னுடையது, நான் நகர மாட்டேன். இந்தப் பக்கம் உட்காருங்கள்.

நீங்கள் ஓடி வந்ததைப் பார்த்தேன். எட்டுப் பத்து வண்டிக்குத்தானே வந்தீர்கள்? செல்லாண்டியம்மன் சர்வீஸ், பச்சை வண்டி. எட்டு எட்டுக்கு வந்து பார்த்தால் பச்சை வண்டி இல்லை, இந்த மஞ்சள் வண்டி நிற்கிறது. வாட்சைப் பார்த்தீர்கள். அப்புறம் தலையைத் தூக்கி பஸ் ஸ்டாண்டு கடிகாரத்தைப் பார்த்தீர்கள். உங்கள் வாட்சும் சரி, பஸ் ஸ்டாண்டு கடிகாரமும் சரி. வண்டிதான் எட்டு ஏழுக்கே போய்விட்டது. மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தைத்தான் அவன் திருடுகிறான்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த நேரத்தை அச்சடித்துக் கொடுக்கிறவனே நான்தான்.

முறைக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு முறையுங்கள். பழனிக்கு இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருக்கிறது.

என் பெயர் குழந்தைவேலு. பெயரில் மட்டும்தான் குழந்தை. பத்தாவதில் கணக்கில் இரண்டு தடவை தோற்று, இதே பஸ் ஸ்டாண்டில் வண்டிக்கு வண்டி ஏறி இறங்கி வெள்ளரிப்பிஞ்சு விற்றவன். எந்த ஜன்னலில் இருக்கிற முகம் வாங்கும், எது பேரம் பேசும், எது பேரம் பேசிவிட்டு வாங்காமல் திரும்பிக்கொள்ளும் என்று வண்டி நகர்வதற்குள் சொல்லிவிடுவேன். நீங்கள் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை என்கிறீர்களே, காலேஜில் இதைச் சொல்லித் தந்தார்களா? மாட்டார்கள். அதனால்தான் உங்களுக்கெல்லாம் கோபம் வருவதில்லை.

அந்தக் காலத்தில் பழனி வண்டிகள் நிற்கிற ரேக்கில் தினமும் அடிதடி. ரேக்கில் ஒவ்வொரு வண்டிக்கும் பத்து நிமிஷம். பத்து நிமிஷம் நின்று ஆள் ஏற்றலாம், முடிந்ததும் அடுத்த வண்டிக்கு இடம் விட வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தில் ஏறுகிற ஆள்தான் அந்த நடையின் வசூல். ஒரு நிமிஷத்துக்குச் சட்டையைப் பிடிப்பார்கள். இரண்டு நிமிஷத்துக்கு ஜாக்கி லீவரை எடுப்பார்கள். டைம் கீப்பர் திருமூர்த்தி கரும்பலகையில் நேரம் எழுதிப் போடுவார். எவனாவது ஒரு டிரைவர் எச்சில் தொட்டு அழித்து, பத்தை ஏழாக்கிவிட்டுப் போவான். அப்படிப்பட்ட அயோக்கியர்கள் இருந்த ஊர் இது.

தனியார் பஸ் முதலாளிகள் சங்கத்தில் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். நான் அப்போது பஸ் ஸ்டாண்டு மாடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். நேராகப் போய் நின்றேன். "கம்ப்யூட்டர் போட்டு நான் முடிச்சுத் தர்றேன். தினம் காலையில ஒரு தாள் வரும். தாள்ல இருக்கற நேரம்தான் நேரம். அதை எவனும் எச்சத் தொட்டு அழிக்க முடியாது" என்றேன். கை தட்டினார்கள். எனக்கு அன்றைக்குக் கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடிக்க மட்டும்தான் தெரியும். அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கோயமுத்தூருக்கு பஸ் ஏறினேன். பழைய புத்தகக் கடையில் கம்ப்யூட்டர் பாஷை சொல்லித்தருகிற புத்தகங்கள் வரிசையாக இருந்தன. ஒல்லியாக ஒன்றை எடுத்து விலை கேட்டேன். கடைக்காரன் ஒரு விலை சொன்னான். பாதி சொன்னேன். தலையை ஆட்டினான். அந்த ஒல்லிப் புத்தகம் பைத்தான். எனக்கு அதெல்லாம் தெரியாது, அவன் இறங்கி வரவில்லை என்பதுதான் தெரியும். தடியாக இன்னொன்று கிடந்தது. அதே விலைக்கு அதைத் தருகிறேன் என்றான். கையில் தூக்கிப் பார்த்தேன், மூன்று மடங்கு கனம். ஒரே விலையில் எதை எடுப்பான் மனுஷன்? அது பெர்ல். என் முதல் பாஷையை நான் இப்படித்தான் தேர்ந்தெடுத்தேன். உங்கள் ஆட்கள் ஏர் கண்டிஷன் ரூமில் உட்கார்ந்து பத்து நாள் பேசுவதை நான் நடைபாதையில் ஐந்து நிமிஷத்தில் முடித்தேன்.

நாலு மாதம் தூக்கம் கெட்டு எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் நாச்சிமுத்து அண்ணன் கடைக்கு வந்தார். இந்த மஞ்சள் வண்டி, பொன்வேல் சர்வீஸ், அவருடையது. எட்டு இருபது வண்டி. செல்லாண்டியம்மன் போனதும் அதே ரேக்குக்கு அடுத்து வருவது.

"கொழந்த, கிருத்திகையன்னைக்கு பழனிக் கூட்டம் தாங்கறதில்லப்பா. காவடியும் கொழந்தையுமா வர்றாங்க. பத்து நிமிசத்துல ஏத்தி முடியல. அந்த ஒரு நாளைக்கு மட்டும் என்ற வண்டிய அஞ்சு நிமிசம் முன்னாலயே ரேக்குக்கு உட்ரு. புண்ணியமாப் போகும்" என்றார்.

நான் சும்மா விடுவேனா? "அஞ்சு ஆகாதுங்கண்ணா" என்றேன்.

"நாலு?"

"ரெண்டு."

"எனக்குமில்ல உனக்குமில்ல, மூணு. உனக்கு என்ற வண்டில ஆயுசுக்கும் டிக்கெட் கிடையாது. டிரைவருக்குப் பின்னால மொத சீட்டு உன்றது."

முடித்தேன். இதோ நான் உட்கார்ந்திருக்கிறேனே, இந்த சீட்டு. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அவர் ஐந்து கேட்டார், நான் மூன்றுதான் கொடுத்தேன். அந்த இரண்டு நிமிஷத்தை ஊருக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்தவன் நான். வேறு எவனாவது இருந்தால் ஐந்தையும் தூக்கிக் கொடுத்திருப்பான். அதனால்தான் நேர்மை நேர்மை என்று எவனாவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புரோகிராமில் அது வெறும் இரண்டு வரி. கிருத்திகையாக இருந்தால், பொன்வேலை மூன்று நிமிஷம் முன்னால் ரேக்குக்கு விடு. அவ்வளவுதான். வருஷம் பிறந்தால் காலண்டரைப் பார்த்து அந்த வருஷத்துக் கிருத்திகைத் தேதிகளை நானே உட்கார்ந்து உள்ளே போடுவேன். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரு கிருத்திகை தப்பியதில்லை. கொடுத்த வார்த்தை என்றால் எனக்கு அப்படி.

சரி, திருட்டுக்கு வருகிறேன்.

தாள் வெளியே வந்தது. திருமூர்த்தி அதைக் கண்ணாடிக் கூண்டில் ஒட்டி, மைக்கில் வாசித்தார். ஊரே அமைதியானது. ஒரு டிரைவர் வாயைத் திறக்கவில்லை. மாலை போட்டார்கள் எனக்கு. இருபத்தைந்து நாள் ராஜா மாதிரி இருந்தேன்.

இருபத்தாறாம் நாளோ என்னவோ, செல்லாண்டியம்மன் டிரைவர் ஆறுமுகம் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தான். "ஏனுங்க கம்ப்யூட்டர்காரரே, என்ற வண்டி எட்டுப் பத்து. இதுல எட்டு ஏழுன்னு இருக்குது. மூணு நிமிசத்த உங்க பெட்டி தின்னு போடுச்சுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். எட்டு ஏழு. சத்தியமாக எட்டு ஏழு. எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. அவனைத் திட்டி அனுப்பிவிட்டு, புரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு வாரம் பார்த்தேன். பார்த்தால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. பெர்ல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே. மை கொட்டிய தாளில் எறும்பு நடந்து போன மாதிரி இருக்கும். எங்கே பார்த்தாலும் டாலர் குறி. இத்தனை டாலரில் ஒன்றுகூட என் கைக்கு வந்ததில்லை. இதற்குள் ஒரு திருடன் ஒளிந்துகொண்டால் எவன் கண்டுபிடிப்பான்? சங்கத்தில் எழுந்து சொல்லிவிட்டேன்: "பாஷை சரியில்ல. மாத்தறேன்."

பி.எச்.பி.க்குப் போனேன். அப்போது ஊரெல்லாம் அதுதான் பேச்சு.

வீடு மாறும்போது என்ன செய்வோம்? எல்லாச் சாமானும் வருவதற்கு முன்னால் சாமி படத்தைக் கொண்டுபோய் வைப்போம் இல்லையா? நானும் அப்படித்தான். புது பாஷைக்குப் போனால் முதல் காரியமாக நாச்சிமுத்து அண்ணனின் இரண்டு வரியைக் கொண்டுபோய் வைத்துவிடுவேன். மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கு வரைக்கும் அதுதான் என் வழக்கம். ஒழுங்காக ஓடுகிற வரியை நான் தொடுவதில்லை. சந்தேகம் எல்லாம் மற்ற வரிகள் மேல்தான்.

பி.எச்.பி. இருபது நாள் ஒழுங்காக இருந்தது. அதற்கப்புறம் ஒரு காலையில், எட்டு ஏழு.

அது ஒரு இரண்டு நாக்குப் பாஷை தம்பி. எங்கே தேட வேண்டும் என்பதை ஒரு இடத்தில் முதலில் கேட்கும், எதைத் தேட வேண்டும் என்பதை இன்னொரு இடத்தில் முதலில் கேட்கும். கடை முன்வாசலில் ஒரு விலை, பின்வாசலில் ஒரு விலை சொல்கிற வியாபாரியை நான் பார்த்திருக்கிறேன். அவனைக் கண்டாலே கல்லாவை எண்ணிப் பார்க்க வேண்டும். அதுவும் அங்கேயும் டாலர் குறிதான்! ஒருத்தனுக்குப் பயந்து ஓடினால் அவன் மச்சான் வீட்டில் போய்ப் புகுந்த மாதிரி ஆகிவிட்டது.

ஆனாலும் இரண்டு மூன்று வருஷம் அதோடு மல்லுக்கட்டினேன். மாதம் ஒரு தடவை எட்டு ஏழு, மாதம் ஒரு தடவை ஆறுமுகம். அந்தச் சமயத்தில்தான் செல்லாண்டியம்மன் முதலாளி இறந்துபோனார். பாவம், வாயில்லாத மனுஷன். ஒரே வண்டி வைத்திருந்தார். இனி வண்டியை விற்றுவிடுவார்கள், தொல்லை விட்டது என்று நினைத்தேன். அவர் சம்சாரம் சம்பூரணம்மாள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ரேக்கில் வந்து நின்றார். கையில் ஒரு மஞ்சள் பை, வாயில் விசில். வண்டிக்குப் பின்னால் நின்று அவரே விசில் கொடுத்து ரிவர்ஸ் எடுக்க வைத்தார்.

என்னைக் கூப்பிட்டார். "ஏப்பா கொழந்தவேலு, என்ற ஊட்டுக்காரரு சண்டைக்கு வரமாட்டாரு. நான் வருவேன். சொல்லிப் போட்டேன்."

சொன்ன மாதிரியே வந்தார். அதற்காகத்தான் ரூபிக்குப் போனேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எதைச் சொன்னாலும் சரி என்கிற பாஷை. இப்படி எழுதட்டுமா? சரி. அப்படி? அதுவும் சரி. தலைகீழாக? சந்தோஷமாகச் சரி. சொன்ன முதல் விலைக்கே சரி என்கிறவனிடம் நான் ஜென்மத்துக்கும் சரக்கு வாங்க மாட்டேன். ஒரே மாதம். எட்டு ஏழு வந்தது, தூக்கிப் போட்டேன்.

அப்புறம்தான் பைத்தான். கோயமுத்தூரில் பேரத்துக்கு வராத அதே பாஷை. மனசில்லாமல்தான் போனேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் இருந்தார், நோட்டில் ஓரம் விடவில்லை என்றால் விடையைப் பார்க்கவே மாட்டார், பிரம்பைத்தான் பார்ப்பார். பைத்தான் அவரேதான். வரிக்கு முன்னால் நாலு இடம் விட வேண்டிய இடத்தில் மூன்று விட்டேன், மொத்தப் புரோகிராமும் படுத்துவிட்டது. நாற்பது வயதில், மீசை நரைத்த பிறகு, ஓரம் விடாததற்கு அடி வாங்கினேன் தம்பி! பொறுத்துக்கொண்டேன். கண்டிப்பான ஆள், திருடனைப் பிடித்துக் கொடுப்பான் என்று பொறுத்துக்கொண்டேன்.

பிடிக்கவில்லை. இருபத்தேழாம் நாள் எட்டு ஏழு. அதுகூடப் பரவாயில்லை. சில வருஷம் கழித்துக் கம்ப்யூட்டரை மாற்றினேன். புதுக் கம்ப்யூட்டரில் பார்த்தால், அச்சடி என்றால் அச்சடிக்க மாட்டேன் என்கிறது. அடைப்புக்குறி போட்டுக் கேட்டால்தான் அச்சடிக்குமாம். நேற்று வரைக்கும் வேண்டாம், இன்றைக்கு வேண்டும்! பேசி முடித்த பிறகு விலையை ஏற்றுகிறவனோடு எனக்கு என்ன வியாபாரம்? காலையில் தாள் இல்லாமல் பதினெட்டு வண்டி நின்றது. திருமூர்த்தி மைக்கில், "தாள் வரலை, எல்லாரும் அவங்கவங்க மனசாட்சிப்படி போங்க" என்று அறிவித்தார். அன்றைக்கு நடந்த அடிதடியில் மைக்கே உடைந்தது.

டிக்கெட்டா? காளிமுத்து, எனக்கு எதுக்குடா கை நீட்டற? தம்பிக்குக் கொடு. தம்பிகிட்ட சில்லறை இருக்குது.

"கூட்டம் பாத்தீங்களாண்ணா? கிருத்திகைன்னா நம்ம வண்டிதான். பச்சை வண்டில பாதி சீட்டு காலியாப் போகுது."

பார்த்தீர்களா, கண்டக்டரே சொல்கிறான். எழுபது எண்பது பேர் நிற்கிறார்கள். காவடி இரண்டு. எல்லாரையும் ஏற்றி முடித்தாகிவிட்டது. ஏன்? நான் கொடுத்த மூன்று நிமிஷம். ஒரு ஆளுக்கு நன்றி உண்டா? கேட்டுப் பாருங்கள்.

எங்கே விட்டேன்? ஜாவாஸ்கிரிப்ட். நீங்களும் அதில்தான் வேலை செய்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆரம்பத்தில் எனக்கு அதை ரொம்பப் பிடித்தது. ஒன்றையும் ஒன்றையும் கூட்டச் சொன்னேன், பதினொன்று என்றது. இதுவல்லவா வியாபாரம் தெரிந்த பாஷை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால், இரண்டும் சமமா என்று சாதாரணமாகக் கேட்டால் பொய் சொல்லும். சமக்குறியை மூன்று தடவை போட்டு, மெய்யாகவே சமமா என்று அழுத்திக் கேட்டால்தான் உண்மை வரும். வாயைத் திறக்கும்போதெல்லாம் சத்தியம் வாங்கித்தான் ஒருத்தனோடு குடும்பம் நடத்த முடியுமா? எங்கே மூன்று போட்டேன், எங்கே போடவில்லை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். எட்டு ஏழு மட்டும் நிற்கவில்லை.

ஆக, எல்லாப் பாஷையும் ஒரே ஜாதி. முதல் இருபது, இருபத்தைந்து நாள் நல்ல பிள்ளையாக இருக்கும். பழகிவிட்டோம் என்று தெரிந்ததும் குணத்தைக் காட்டும். அனுபவத்தில் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் சம்பூரணம்மாள் மாடி ஏறி வந்தார். மூட்டு வலி, படிக்குப் படி நின்று வந்தார். மஞ்சள் பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். எல்லாம் தினக்காலண்டரில் கிழித்த தாள். எட்டு ஏழு வந்த நாளையெல்லாம் கிழித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார். எத்தனை வருஷத்துத் தாள்!

"எடுத்துப் படிச்சுப் பாரு" என்றார்.

பார்த்தேன். ஒவ்வொரு தாளிலும் கீழே கிருத்திகை, கிருத்திகை, கிருத்திகை என்று போட்டிருந்தது.

"அது எப்படிப்பா உன்ற பெட்டி கிருத்திகையாப் பாத்துத் தின்னுது? வெரதம் கிரதம் இருக்குதா?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தெரிந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். "அம்மா, கம்ப்யூட்டருக்கு நட்சத்திரமெல்லாம் தெரியாதுங்க. அது வெறும் மிஷின்" என்றேன்.

"அதுக்குத் தெரியாது, சரி. மூணு நிமிசம் எனக்குக் கொறையுது. கொறைஞ்சது எங்கயோ போய்ச் சேரோணுமல்லோ? காத்துலயா கரையும்?"

"அதைத்தாங்க நானும் இருபத்து மூணு வருசமாத் தேடறேன்!"

என் கோபம் உண்மை என்று அந்தம்மாவுக்கே தெரிந்திருக்கும். காலண்டர் தாள்களை மறுபடியும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினார். பிறகு மெதுவாகத்தான் சொன்னார். "மாசத்துல அந்த ஒரு நடைதான்ப்பா என்ற வண்டியக் காப்பாத்துறது. அது போச்சுன்னா தையில வண்டிய வித்துப் போடுவேன். நாச்சிமுத்தே கேட்டு உட்டிருக்கறாரு."

தம்பி, எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பெண்பிள்ளை தனியாக நின்று ஓட்டுகிற வண்டி. அதை ஒருத்தன் மூன்று மூன்று நிமிஷமாகக் கடித்துத் தின்கிறான். என்ன ஜென்மம் அவன்? வீட்டில் அவனுக்குத் தாய் தங்கை கிடையாதா?

சங்கத்தில் பஞ்சாயத்து வைத்தார்கள். இனிமேல் கம்ப்யூட்டர் வேண்டாம், பழையபடி கரும்பலகையே போதும் என்று பாதிப் பேர். அப்படி ஆனால் நான் யார்? பஸ் ஸ்டாண்டில் என்னை டைம்காரர் என்பார்கள். என் பெயரே அதுதான். அது போனால் மறுபடியும் வெள்ளரிப்பிஞ்சு குழந்தைவேலு.

சம்பூரணம்மாள் எழுந்தார். "கம்ப்யூட்டரு இருந்துட்டுப் போகட்டும். வர்ற கிருத்திகைக்கு இவரு பழனி அடிவாரத்துல கற்பூரம் ஏத்தி, மேல கையடிச்சுச் சத்தியம் பண்ணட்டும். அந்த மூணு நிமிசத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லைன்னு. பண்ணிட்டாருன்னா நான் வாயத் தொறக்கமாட்டேன். வண்டிய வித்துப் போட்டுப் போயர்றேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கென்ன பயம்? "பண்றேன்" என்றேன். ஆனால் எதையும் பேரம் பேசாமல் ஒப்புக்கொள்வது என் பழக்கமில்லை. "சம்பந்தமில்லைங்கறது பெரிய வார்த்தைங்க. புரோகிராம் நான் எழுதுனது, அப்பறம் எப்படிச் சம்பந்தமில்லாமப் போகும்? நான் யாருடைய நேரத்தையும் எடுக்கலைன்னு சத்தியம் பண்றேன்" என்றேன்.

அந்தம்மா சிரித்தார். "உன்ற வாயால எப்படி வேணா சொல்லு. மேல இருக்கறவன் புரிஞ்சுக்குவான்."

பஞ்சாயத்துக்கு நாச்சிமுத்து அண்ணனும் வந்திருந்தார். கூட்டம் முடிந்து போகும்போது என் தோளைத் தட்டி, "ஏன் கொழந்த, சத்தியமெல்லாம் எதுக்கு? ஒடம்பு சரியில்லைன்னு படுத்துக்க" என்றார். நல்ல மனுஷன். என் மேல் அவ்வளவு அக்கறை.

அதற்குத்தான் இன்றைக்குப் போகிறேன். அந்தம்மா முன்னால் பச்சை வண்டியில் போயிருக்கிறார். இது கற்பூரம், என் ஜோபியில் இருக்கிறது. நானே வாங்கினேன். அவர்கள் வாங்கினால் மட்டமானதாக வாங்குவார்கள்.

இன்னும் நேரம் இருக்கிறது. இருங்கள், லேப்டாப்பை எடுக்கிறேன். நீங்கள் படித்தவர், ஒரு தடவை பாருங்கள். சத்தியம் பண்ணுவதற்கு முன்னால் திருடன் அகப்பட்டால் அவனையும் இழுத்துக்கொண்டு போகலாம். இதுதான் இப்போதைய புரோகிராம். மொத்தம் ஆயிரத்து நானூறு வரி. கீழே போங்கள், கீழே. கூட்டல் கழித்தல் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. எனக்கு அந்தக் கூட்டல் மேல்தான் சந்தேகம்.

ஏன் மேலேயே நிற்கிறீர்கள்? அதை விடுங்கள், அது ஒப்பந்தம். அது நான் சொன்ன நாச்சிமுத்து அண்ணன் வரி. ஓடுகிற வரி. ஐந்து பாஷையிலும் அச்சுப் பிசகாமல் ஓடியிருக்கிறது. விரலை எடுங்கள் தம்பி, ஸ்கிரீன் அழுக்காகும்.

என்ன கேட்டீர்கள்?

அந்த மூன்று நிமிஷம் எங்கிருந்து வந்தது என்றா? எங்கிருந்து வரும்? நான் கொடுத்தேன். காது கேட்கவில்லையா? அவர் ஐந்து கேட்டார், நான் மூன்று கொடுத்தேன்.

என்னிடம் ஏது மூன்று நிமிஷம் என்றால்... இது என்ன கேள்வி? பெங்களூரில் இப்படித்தான் பேசுவீர்களா? பெரியவனிடம்? கொடுக்கிறவனைப் பார்த்து உன்னிடம் ஏது என்று கேட்பதா? ஊரில் எத்தனை நிமிஷம் சும்மா கிடக்கிறது. அதில் மூன்றை எடுத்து... எடுத்து என்று சொல்லாதீர்கள். நான் எடுத்தேன் என்று எப்போது சொன்னேன்? கொடுத்தேன் என்றுதான் சொன்னேன். அந்த வார்த்தையை என் வாயில் திணிக்காதீர்கள். இன்றைக்கு அது ரொம்ப முக்கியம்.

போதும், கொடுங்கள் இப்படி. மூடிவிடுகிறேன். உங்களுக்கு இதெல்லாம் புரியாது. ஒரு பாஷையில் சம்பளம் வாங்குகிறவர் நீங்கள். ஐந்து பாஷையில் அடி வாங்கியவன் நான். திரும்பிப் போனதும் ஆறாவதாக ஒன்றுக்கு மாறப் போகிறேன், கோ என்று ஒன்று வந்திருக்கிறதாமே. கண்டிப்பான ஆள் என்கிறார்கள். முதல் காரியமாக இந்த இரண்டு வரியை...

இந்த இரண்டு வரியை...

எதற்கு இப்படிப் பார்க்கிறீர்கள்? வெயில், அதனால்தான் வேர்க்கிறது. இந்த வண்டியில் முதல் சீட்டில் என்ஜின் சூடு தாங்காது. எனக்கு இது எப்போதும் பிடித்ததேயில்லை.

அதோ அடிவாரம் வந்துவிட்டது. பச்சை வண்டி நிற்கிறது பாருங்கள். அந்தம்மா படியிலேயே உட்கார்ந்திருக்கிறார், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு. நம்மைத்தான் பார்க்கிறார். என்னைத்தான். தம்பி, நீங்களும் கூட வாருங்கள், ஒரு சாட்சி வேண்டும். இல்லை, வேண்டாம், நீங்கள் வர வேண்டாம். நீங்கள் ஏதாவது பேசிவிடுவீர்கள்.

அடேய் திருடா! கேட்கிறதா? இருபத்து மூன்று வருஷமாக என் பாஷையையெல்லாம் மாற்ற வைத்தாய். பெர்லைக் கெட்டவன் என்று சொல்ல வைத்தாய், பைத்தானோடு சண்டை போட வைத்தாய். தாலி இழந்த பொம்பளையின் வண்டியை விற்க வைக்கப் போகிறாய். இன்னும் பத்து நிமிஷத்தில் என் கை கற்பூரத்தின் மேல் இருக்கும். நீ எவனாக இருந்தாலும் சரி, அதற்குள் வா. வந்து அந்தம்மாவின் மூன்று நிமிஷத்தை அவர் மடியில் வைத்துவிட்டுப் போ. முழுசாக மூன்று. இதில் பேரம் கிடையாது. உன் முகத்தைக் காட்டக் கூச்சமாக இருந்தால் சொல், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.